ஜெர்மன்காரருக்குக் கோபம் புளிக்கும்

எங்கள் ஊர்ப் பெயரே புளியிலிருந்து வந்ததுதான். வடமொழியில் திந்திரிணி என்றால் புளியமரம். திந்திரிணி வனம் மக்கள் வாயில் புழங்கிப் புழங்கித் திண்டிவனம் ஆனது. இங்கே கோயில் கொண்டிருக்கும் சிவனுக்கும் திந்திரிணீஸ்வரர் என்றே பெயர். அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்து ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிற எனக்கு அந்த மொழியில் மிகவும் பிடித்த பெயரடை எது என்று கேட்டால், யோசிக்காமல் ‘ஸாவர்’ என்பேன். புளிப்பு என்று பொருள். அந்தப் பொருளோடு அது நின்றிருந்தால் அரைப் பக்கத்தில் முடித்திருக்கலாம். அது நிற்கவில்லை. கோபம், ரத்தம், மழை, சம்பளம் என்று எல்லாவற்றிலும் போய்க் கலந்திருக்கிறது.

நான் அடிப்படையில் வேதியியல் ஆசிரியை. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அமிலம், காரம் என்று சுண்ணாம்புத் தூள் பறக்கப் பாடம் நடத்தியவள். ஜெர்மன் கற்றது சென்னை நுங்கம்பாக்கத்தில், மாக்ஸ் முல்லர் பவன் என்று பழைய ஆட்கள் சொல்லும் கோத்தே இன்ஸ்டிட்யூட்டில். இப்போது செஞ்சி ரோட்டுக்குப் பக்கத்தில் என் வீட்டு மாடியில் வகுப்பு. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நர்சிங் முடித்த பெண்கள். மரக்காணம், மயிலம், ஒலக்கூர், வெள்ளிமேடுப்பேட்டை என்று சுற்றுவட்டாரத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறார்கள். ஜெர்மனியில் முழு அங்கீகாரம் பெற்ற செவிலியராக வேலை பார்க்கப் பொதுவாக பி2 நிலை வரை மொழி தேவை. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே செவிலியர்களுக்கு ஜெர்மன் பயிற்சி ஏற்பாடு செய்யும் காலம் இது. அதனால் என் மாடியில் ஜெர்மன் ஒலிப்பதைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வேடிக்கை பார்ப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள்.

முதல் தொல்லை உச்சரிப்பு. எழுத்துக்கூட்டினால் எஸ்-ஏ-யூ-ஈ-ஆர். உயிரெழுத்துக்கு முன்னால் வரும் எஸ்ஸை ஜெர்மன்காரர்கள் தேனீ ரீங்கரிப்பதுபோல் அதிரவிட்டுச் சொல்வார்கள். நமக்கு அந்த ஒலி கிடையாது. ‘ஸா’ என்றுதான் வரும். கவலைப்படாதீர்கள் என்பேன். பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் அவர்களே அதிர்வில்லாமல்தான் சொல்கிறார்கள். கடைசியில் இருக்கும் ஆர் ஏறக்குறைய ‘அ’ என்று கரைந்துவிடும். ‘ஸாவ’ என்று சொல்லி நிறுத்தினாலே போதும், புரிந்துகொள்வார்கள்.

இரண்டாவது தொல்லையை உண்டாக்குவது நாம்தான். என் மாணவிகள் எல்லோரும் செல்போன் செயலியில் ஆங்கிலம் வழியாக ஜெர்மன் படித்துவிட்டு வருகிறவர்கள். ஜெர்மன் சொல்லுக்கு ஆங்கிலச் சொல், ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச் சொல் என்று இரண்டு பஸ் மாறிப் போகிறார்கள். நேர் பஸ் இருக்கும்போது எதற்கு இது? ‘ஸாவர்’ விஷயத்தில் தமிழிலிருந்து நேராகப் போனால் பாதி தூரம் மிச்சம்.

எடுத்துக்காட்டுக்கு ஒன்று. நெஞ்செரிச்சலோடு வரும் நோயாளி இங்கே என்ன சொல்வார்? “புளிச்ச ஏப்பமா வருதும்மா” என்பார். ஜெர்மன் தாத்தாவும் அதையேதான் சொல்வார்: ‘ஸாவ்ரஸ் ஆவ்ஃப்ஷ்டோஸன்’, அதாவது புளித்த ஏப்பம். செவிலியர் எழுதும் குறிப்பிலும் அப்படியே எழுதலாம், அது கொச்சை இல்லை. ஆங்கிலத்தில் யோசிக்கிற பெண் அமிலம், பின்னோட்டம் என்று சொல் தேடித் திணறுவாள். தமிழில் யோசிக்கிறவள் அடுத்த வரிக்குப் போயிருப்பாள்.

சுவையில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எலுமிச்சை ஸாவர், வினிகர் ஸாவர், பச்சை ஆப்பிள் ஸாவர். பால் திரிந்துபோனாலும் ‘ஸாவர் ஆகிவிட்டது’ என்பார்கள். இந்தப் பெயரடையை ஒட்டிக்கொண்டு ஒரு சமையலறையே இருக்கிறது. முட்டைக்கோஸை உப்புப் போட்டுப் புளிக்க வைத்தது ‘ஸாவர்க்ராவ்ட்’. இறைச்சியை வினிகரில் நாள்கணக்கில் ஊறப்போட்டுச் சமைப்பது ‘ஸாவர்பிராட்டன்’. ரொட்டிக்காகப் புளிக்கவைத்த மாவு ‘ஸாவர்டைக்’. இட்லி மாவைப் பொங்கவைத்துத் தினம் மூடி திறந்து பார்க்கிற ஊர்ப் பெண்களுக்கு அந்தக் கடைசிச் சொல்லை நான் விளக்கவே வேண்டியிருக்காது.

ஆனால் இங்கே ஓர் இலக்கண வேறுபாடு வருகிறது, அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம். தொல்காப்பியத்தின் பகுப்பில் பெயர், வினை, இடை, உரி என நான்கு வகைதான். ஐரோப்பிய இலக்கணங்கள் சொல்லும் பெயரடைக்குத் தனி நாற்காலி இல்லை. நமக்குப் புளிப்பது ஒரு வினை. மாங்காய் புளிக்கிறது, மாவு புளித்தது, நாளைக்குள் புளிக்கும். பெயருக்கு முன்னால் வைத்தாலும் காலம் கூடவே வரும்: ‘புளித்த மாவு’ வேறு, ‘புளிக்கிற மாங்காய்’ வேறு. மாவு ஒரு காலத்தில் புளிக்காமல் இருந்தது, மாங்காய் பிறந்ததிலிருந்தே அப்படி என்பதை இரண்டு எழுத்தில் சொல்லிவிடுகிறோம். ஜெர்மன் பெயரடைக்கு அது முடியாது. மாவும் ஸாவர், மாங்காயும் ஸாவர். எப்போது ஆனது என்று சொல்ல வேண்டுமானால் ‘ஆகிவிட்ட’ என்பதற்கு இன்னொரு சொல்லைக் கூட்டிவர வேண்டும்.

அதற்குப் பதிலாக அவர்கள் வேறொரு பாரத்தைச் சுமக்கிறார்கள். பெயருக்கு முன்னால் வந்தால் பெயரடைக்குப் பெயரின் பாலுக்குத் தக்கபடி வால் முளைக்கும். ஆண்பால் மழை: ‘ஸாவ்ரர் ரேகன்’. பெண்பால் வெள்ளரிக்காய்: ‘ஸாவ்ர குர்க்க’. அலிப்பால் முகம்: ‘ஸாவ்ரஸ் கெஸிஷ்ட்’. அமில மழை, வினிகர் வெள்ளரிக்காய், கடுகடுத்த முகம். இந்த மூன்றையும் பாட்டுப் போல ஒப்பிக்கச் சொல்வேன். வால் வந்ததும் நடுவில் இருந்த ஈ எழுத்து காணாமல் போய்விடும் என்பதையும் கவனிக்க வேண்டும். ‘ஸாவர’ அல்ல, ‘ஸாவ்ர’. விலை அதிகம் என்னும் ‘டொயர்’ என்ற சொல்லுக்கும் இதே கதிதான். வாக்கியத்தின் கடைசியில் தனியாக நின்றால் வாலும் இல்லை, கவலையும் இல்லை. மழைக்கு ஏன் ஆண்பால், வெள்ளரிக்காய்க்கு ஏன் பெண்பால் என்று ஒவ்வொரு புதுக் கூட்டத்திலும் ஒருத்தி கேட்பாள். உயர்திணை, அஃறிணை என்று அறிவோடு பிரித்துவைத்த மொழியில் பிறந்தவர்களுக்கு அது அநியாயமாகத்தான் படும். பதில் இல்லை. மனப்பாடம்தான்.

இனி, கோபம்.

ஜெர்மனியில் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலமே ஆகியிருந்த ஒலக்கூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி ஒரு ராத்திரி எனக்கு வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினாள். ஷிஃப்ட் மாறும்போது அடுத்து வந்த சக செவிலியிடம் ஒரு நோயாளியைப் பற்றிய தகவலைச் சொல்லாமல் விட்டுவிட்டாள். அந்த அம்மாள் நேராக வந்து முகத்துக்கு முன்னால், ‘இஷ் பின் ஸாவர் ஆவ்ஃப் டிஷ்’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சொல்லுக்குச் சொல் எடுத்தால், ‘நான் உன் மேல் புளிப்பாக இருக்கிறேன்’. “மிஸ், வயித்துல புளிய கரைச்ச மாதிரி ஆயிடுச்சி மிஸ். வேலய விட்டு எடுத்துடுவாங்களா?” என்று அழாக்குறையாகக் கேட்டாள்.

அவளை ஆறுதல்படுத்துவதற்கு முன்னால் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜெர்மன்காரிக்குக் கோபம் புளித்தது. திண்டிவனத்துப் பெண்ணுக்குப் பயம் புளித்தது. ஒரே புளிப்புக்கு இரண்டு ஊரில் இரண்டு உணர்ச்சி. நமக்குப் பயம் வந்தால் வயிற்றில் புளி கரையும். அலுப்புத் தட்டினால் ‘கேட்டுக் கேட்டுப் புளிச்சுப் போச்சு’ என்போம். எட்டாத பழம் புளிக்கும். கோபத்துக்கு மட்டும் நாம் புளியைத் தொடுவதே இல்லை; அது நமக்குக் காரத்தின் வேலை. காரசாரமாகப் பேசுவோம், மிளகாய் கடித்த மாதிரி எரிந்து விழுவோம். உறவு முறிந்தால் கசப்புக்குப் போவோம். அவர்களும் கசப்புக்கு அப்படித்தான் போகிறார்கள், அதில் சண்டை இல்லை.

அந்தச் சொல்லின் எடை என்ன என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஜெர்மனில் கோபத்துக்குச் சொற்கள் ஏராளம். ‘வ்யூட்டென்ட்’ என்றால் கொதிப்பு, கையில் கிடைத்ததைத் தூக்கி எறியும் அளவு. ‘ஃபெர்எர்கர்ட்’ என்பது புகார்க் கடிதத்தில் எழுதத் தகுந்த, சட்டை போட்டுக்கொண்ட கோபம். ‘ஸாவர்’ அன்றாடப் பேச்சுக்கு உரியது. வீட்டில், நண்பர்களுக்குள், கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்வது. அதற்குச் சரியான தமிழ் ‘கடுப்பு’. ‘உன் மேல கடுப்பா இருக்கேன்’ என்று ஒரு தோழி சொன்னால் எவ்வளவு எடையோ அவ்வளவுதான். கொஞ்சம் கூட்ட வேண்டுமானால் ‘ஷ்டிங்க்ஸாவர்’ என்பார்கள், நாற்றமடிக்கிற அளவுக்குக் கடுப்பு. அந்த ‘ஷ்டிங்க்’ முன்னால் இல்லாதவரை பயப்பட ஒன்றுமில்லை.

‘உன் மேல்’ என்பதைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் கோபம் ஒருவரோடு வரும், அல்லது ஒருவரை நோக்கி வரும். ஜெர்மனில் ‘ஆவ்ஃப்’, அதாவது மேல். தமிழிலும் மேல். மேசை மேல் புத்தகம், உன் மேல் கடுப்பு. ஜெர்மனிலும் இரண்டுக்கும் ஒரே சொல். ஒரு வித்தியாசம், இந்தக் கோப வாக்கியத்தில் அதற்குப் பின்னால் வருவது நம் இரண்டாம் வேற்றுமைக்கு இணையான உருபை ஏற்க வேண்டும். இதை ஆங்கிலம் வழியாகப் படித்தவர்கள் தேர்வில் தவறாமல் வேறு முன்னிடைச்சொல் போட்டு மதிப்பெண்ணை இழப்பார்கள்.

மறுநாள் காலையில் அந்த அம்மாளைப் பார்த்ததும் ‘பிஸ்ட் டூ நோஹ் ஸாவர்?’ என்று கேள் என்றேன். இன்னும் கடுப்பா? அவ்வளவுதான். கேட்டாளாம். அவர் எப்போதோ மறந்துவிட்டிருந்தார். காபி எடுத்துக்கொண்டாயா என்று கேட்டாராம். நம் ஊரில் கோபத்தை வாய்விட்டுச் சொல்லாமல் மூன்று மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற உறவுக்காரர்களோடு வளர்ந்த பெண்ணுக்கு, கோபத்தை அறிவித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறவர்கள் புதிது. எது மேல் என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. எனக்கு இரண்டு பழக்கமும் உண்டு.

என் பழைய தொழில் இப்போது குறுக்கே வருகிறது. பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஜெர்மனில் ஆக்சிஜனுக்குப் பெயர் ‘ஸாவர்ஷ்டோஃப்’. புளிப்புப் பொருள். ஹைட்ரஜன் தண்ணீர்ப் பொருள், நைட்ரஜன் மூச்சு முட்டவைக்கும் பொருள் என்று வீட்டுச் சொற்களாலேயே தனிமங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் உயிர்வளி எங்கே புளித்தது? பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே செய்த பிழை இது. 1770களின் பின்பாதியில், எல்லா அமிலத்துக்கும் காரணம் இந்த வாயுதான் என்று அவர் நம்பினார். கிரேக்கத்திலிருந்து ‘அமிலத்தைப் பிறப்பிப்பது’ என்று பொருள்படும்படி பெயர் வைத்தார். ஜெர்மன்காரர்கள் அதை அப்படியே தங்கள் மொழியில் பெயர்த்துக்கொண்டார்கள். 1810இல் இங்கிலாந்தின் ஹம்ஃப்ரி டேவி, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே கிடையாது என்று நிறுவினார். அதாவது, நம் வயிற்றில் சுரந்து புளித்த ஏப்பத்தை உண்டாக்குகிற அதே அமிலத்தில் ‘புளிப்புப் பொருள்’ ஒரு துளிகூட இல்லை. பெயர் மட்டும் தங்கிவிட்டது. ஆக்சிஜன் சிலிண்டர் என்று எழுத வேண்டுமானால் ‘ஸாவர்ஷ்டோஃப்’பின் இறுதியிலுள்ள இரண்டு எஃப்போடு ‘ஃப்ளாஷ’வின் முதல் எஃப்பும் சேர்ந்து மூன்று எஃப் வரிசையாக நிற்கும். முதல் தடவை பார்க்கிற மாணவிகள் அச்சுப்பிழை என்றே நினைப்பார்கள்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஆள் லவாய்சியே இல்லை, கார்ல் வில்ஹெல்ம் ஷேலே. 1742இல் ஷ்ட்ரால்ஸுண்ட் நகரில் பிறந்தவர். அன்று அது ஸ்வீடன் ஆட்சியில் இருந்தது, இன்று ஜெர்மனியில் இருக்கிறது. பெரிய பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்ல. வாழ்நாள் முழுக்க மருந்துக்கடைக்காரர். ஆக்சிஜனைக் கண்டுபிடித்தவர் என்று பெயர் பெற்ற பிரீஸ்ட்லிக்கு முன்னதாகவே அதைப் பிரித்தெடுத்து ‘நெருப்புக் காற்று’ என்று பெயரிட்டவர். அச்சகத் தாமதத்தால் அவருடைய புத்தகம் 1777இல்தான் வெளிவந்தது, பெருமை வேறிடம் போயிற்று. புளிப்பான பொருள் எது கையில் கிடைத்தாலும் அதற்குள் இருக்கும் அமிலத்தைத் தேடுவது அவர் வழக்கம். 1769இல் டார்டாரிக் அமிலம். 1780இல் புளித்த பாலிலிருந்து லாக்டிக் அமிலம். 1784இல் எலுமிச்சையிலிருந்து சிட்ரிக். அடுத்த ஆண்டு ஆப்பிளிலிருந்து மாலிக். ஜெர்மனில் ‘ஸாவர்’ என்ற பெயரடையிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் ‘ஸொய்ர’. அமிலம் என்று அர்த்தம். பால்-ஸொய்ர, எலுமிச்சை-ஸொய்ர, ஆப்பிள்-ஸொய்ர, என்று கடைத்தெருப் பட்டியல் போல நீளும். டார்டாரிக் அமிலம் ‘வைன்ஸொய்ர’. திராட்சை மதுப் பீப்பாயின் அடியில் படிந்த உப்பிலிருந்து எடுத்தார் என்பதால் அந்தப் பெயர்.

நம் புளியின் புளிப்புக்கும் முதன்மைக் காரணம் அதே டார்டாரிக் அமிலம்தான். மாம்பழம் பழுத்தால் இனிக்கிறது, புளியம்பழம் பழுத்தும் புளிக்கிறதே, ஏன்? மற்ற பழங்கள் பலவற்றில் பழுக்கும்போது அமிலம் குறைந்துவிடும். டார்டாரிக் அமிலத்தைப் புளியமரம் அப்படிச் செலவழிப்பதில்லை. சர்க்கரை ஏறினாலும் அமிலம் இருந்த இடத்திலேயே இருக்கும். பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆவதும், உலோகத்தின் மேல் படிந்த ஆக்சைடை அந்த அமிலம் கரைத்துவிடுவதால்தான். மாசி, பங்குனியில் எங்கள் பக்கம் வீட்டுத் திண்ணைகளில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து புளியை உடைத்து, ஓடும் நாரும் நீக்கிக் கொட்டை எடுப்பார்கள். அந்தத் திண்ணைகளிலிருந்து எழுந்து வந்தவர்கள்தான் என் வகுப்பில் ‘வைன்ஸொய்ர’ என்று எழுத்துக்கூட்டுகிறார்கள்.

மருத்துவமனைக்குத் திரும்புவோம். ‘நோயாளி ஸாவராக இருக்கிறார்’ என்று ஒருத்தி மாதிரித் தேர்வில் எழுதியிருந்தாள். நெஞ்செரிச்சல் என்று சொல்ல வந்தாள். வார்டில் அப்படி எழுதினால் நோயாளி கடுப்பில் இருக்கிறார், சாப்பாடு ஆறிப்போயிருக்கும் என்றுதான் படிப்பார்கள். அதே வாக்கியத்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் ரத்தவாயு அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மருத்துவர் சொன்னால் நிலைமை வேறு. ரத்தத்தின் பி.ஹெச் 7.35க்குக் கீழே இறங்கிவிட்டது, அமிலம் ஏறிவிட்டது, ஓடு என்று பொருள். அகராதி இந்த மூன்றையும் பிரித்துத் தராது. யார் சொல்கிறார், எங்கே நின்று சொல்கிறார், கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் வேண்டும்.

மற்ற வழக்குகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விருப்பமில்லாத, ஆனால் தவிர்க்க முடியாத காரியத்தில் இறங்குவதற்குப் ‘புளித்த ஆப்பிளைக் கடிப்பது’ என்பார்கள். நகையை அடகு வைத்து மொழித் தேர்வுக்குப் பணம் கட்டுவதை அந்தக் கணக்கில் சேர்க்கலாம். செய்தி எதுவும் கிடைக்காமல் பத்திரிகைகள் எதையாவது போட்டு நிரப்பும் கோடைக்காலம் ‘புளித்த வெள்ளரிக்காய்க் காலம்’. அக்டோபர் 31 இரவு குழந்தைகள் வீடு வீடாகப் போய், ‘இனிப்பா, புளிப்பா?’ என்று மிரட்டி மிட்டாய் வாங்குவார்கள். சிடுமூஞ்சிக்குப் ‘புளிப்புப் பானை’ என்று பெயர். அமில மழை 1980களில் மேற்கு ஜெர்மனியின் காடுகளை அழித்துவிடும் என்ற பயம் நாட்டையே ஆட்டியது; அந்தத் தலைமுறையினர் ‘ஸாவ்ரர் ரேகன்’ என்றால் இன்றும் மரங்களைத்தான் நினைப்பார்கள்.

‘ஸாவர் ஃபெர்டீன்ட்’ என்று ஒரு சேர்க்கை மிச்சம் இருக்கிறது. புளிக்கப் புளிக்கச் சம்பாதித்த பணம், அதாவது ரத்தத்தை வியர்வையாக்கிச் சம்பாதித்தது. இதை வகுப்பில் நடத்தியதும், அங்கே ஏற்கெனவே வேலையில் இருக்கிற பழைய மாணவி ஒருத்தியிடம் பிள்ளைகளோடு வீடியோவில் பேசச் சொன்னேன். மயிலத்துப் பெண், வாயாடி. முதல் மாதச் சம்பளச் சீட்டைக் காட்டினாள். மேலே ‘ப்ரூட்டோ’, கீழே ‘நெட்டோ’. கல்யாணமாகாதவர்களுக்கான வரி வகுப்பில் வருமான வரி, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம், வேலையின்மைக் காப்பீடு, முதியோர் பராமரிப்புக் காப்பீடு என்று வரிசையாகப் பிடித்தது போகக் கைக்கு வந்தது மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குத்தான். மேல் தொகையை வைத்து அவள் வீட்டில் கடன் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

“இத ஏன் மிஸ் நீங்க முன்னாடியே சொல்லல?” என்றாள். பிறகு பிள்ளைகள் எல்லோரும் கேட்கும்படி, ‘இஷ் பின் ஸாவர் ஆவ்ஃப் ஸீ’ என்றாள். உங்கள் மேல் கடுப்பாக இருக்கிறேன். மரியாதைக்குரிய ‘ஸீ’ போட்டிருந்தாள், ‘ஆவ்ஃப்’ சரி, வேற்றுமையும் சரி. புது மாணவிகளிடம் அந்த வாக்கியத்தை நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.